ஸ்பெயார் வீல் இல்லாத ரோட்ஸ்டரில் யாழ்ப்பாணம் போகலாமா?

கேள்வி இதுதான்: வெள்ளவத்தையில் ஒருவரிடம் ஜப்பானிலிருந்து இறக்கிய மஸ்டா ரோட்ஸ்டர் இருக்கிறது. என்டி வகை, 1.5 லீட்டர், 195/50 ஆர்16 டயர். டிக்கியில் ஸ்பெயார் வீலும் இல்லை, ஜக்கும் இல்லை. ஒரு போத்தல் பசையும் சின்னக் காற்றுப் பம்பும் மட்டும்தான். பள்ளி விடுமுறைக்கு மனைவியோடு யாழ்ப்பாணம் போக வேண்டும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையொன்றில் ஒரு ஸ்பெயார் வீல் எடுத்து டிக்கியில் போட்டுக்கொண்டால் போதுமா?

போதாது. ஸ்பெயார் வீல் டிக்கிக்குள் அடங்குமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது மூன்றாவது கேள்வி. முதலாவது, அந்தச் சில்லு உங்கள் ஹப்பிலும் (சில்லு மாட்டும் நடுப்பகுதி) பிரேக்கிலும் சரியாக உட்காருமா? இரண்டாவது, கழற்றிய சில்லை எங்கே வைப்பீர்கள்? ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நடுவழியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான்.

கம்பனி கொடுத்த பசைப் போத்தலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் அதன் எல்லை சின்னது. டயரின் தரையில் படும் பகுதியில், ஏறக்குறைய 4 மி.மீ.க்கு உட்பட்ட ஓட்டையை மட்டுமே அது அடைக்கும். ஆணி, திருகாணி என்றால் சரி. குழியில் விழுந்து பக்கச் சுவர் வெட்டுப்பட்டால் போத்தல் முழுவதையும் ஊற்றினாலும் பயனில்லை. உங்கள் டயரின் பக்கச் சுவர் உயரம் 97 மி.மீ. தான், சாதாரண 185/65 டயரில் அது 120 மி.மீ. மழை பெய்து தண்ணீர் மூடிய குழியில் சில்லு இறங்கும்போது, குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ரப்பர் நசுங்குகிறது. உள்ளே நூல் அறுந்தால் பக்கத்தில் முட்டை மாதிரிப் புடைக்கும். இன்னும் மோசமென்றால் ரிம்மே வளைந்து, அந்த இடுக்கால் காற்று போகும். ஸ்பெயார் வீல் தேவைப்படுவது இந்த மாதிரி அடிக்குத்தான், ஆணிக்கு அல்ல.

சரி, எந்தச் சில்லு பொருந்தும்? உங்கள் காருக்கு பிசிடி 4×100 (நட் துளைகள் நான்கு, அவை அமையும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ.), ஹப் துளை 54.1 மி.மீ., ஸ்டட் (நட் ஏறும் முளை) எம்12, புரி இடைவெளி 1.5. டொயோட்டா விட்ஸுக்கும் இதே மூன்று அளவுகள்தான். அதனால் கொழும்பில் தேடுவது கஷ்டமில்லை. ஆனால் "4×100 என்றால் எல்லாம் ஒன்றுதான்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஹொண்டா ஃபிட்டும் 4×100 தான். அதன் நடுத்துளை 56.1 மி.மீ. உங்கள் ஹப்பில் ஏறும், ஆனால் 2 மி.மீ. தளர்வாக இருக்கும். அதைவிட முக்கியமானது நட் உட்காரும் குழி. ஹொண்டாவின் சொந்தச் சில்லுகளில் அந்தக் குழி உருண்டை வடிவம். மஸ்டா நட்டின் முனை 60 பாகைக் கூம்பு. கூம்பு உருண்டைக் குழிக்குள் போனால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும்தான் தொடும். இறுக்கும்போது இறுகினது போலத் தெரியும், 20 கிலோமீட்டர் ஓடியதும் தளரும். நட் தளர்ந்த சில்லின் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்துவிடும், ஸ்டட்டும் முறியலாம்.

வேகன்ஆர் சில்லை மலிவாகத் தருவார்கள். துளைகள் பொருந்தும். ஆனால் 155/65 ஆர்14 டயரோடு அதன் மொத்த விட்டம் 557 மி.மீ., உங்களுடையது 601. 7 சதவீதத்துக்கும் மேலான வித்தியாசம். 14 அங்குல ரிம் முன் பிரேக் கலிப்பரில் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) முட்டவும் வாய்ப்பு அதிகம். விட்டத்தைக் கணக்குப் போடுவது லேசு: டயர் அகலத்தைப் பக்கச் சுவர் சதவீதத்தால் பெருக்கி, அதை இரட்டித்து, ரிம் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். ஒல்லியான தற்காலிகச் சில்லுகளில் டி125/70டி16 என்றோ டி125/80டி15 என்றோ எழுதியிருந்தால் இரண்டுக்கும் விட்டம் 581 மி.மீ. தான். உங்கள் டயரைவிட 20 மி.மீ. குறைவு, 3 சதவீதம் சொச்சம். கார் அந்த மூலையில் ஒரு சென்ரிமீற்றர் பதியும். இது தாங்கக்கூடியது. டி115/70டி15 என்றால் 542, அதை வாங்காதீர்கள். 15க்கும் 16க்கும் நடுவில் தெரிவு இருந்தால் 16ஐ எடுங்கள், பிரேக்குக்கு இடம் கூடும். முன்னால் இருக்கும் அந்த "டி" (ஆங்கில T) தற்காலிகம் என்பதற்கான எழுத்து: உச்ச வேகம் 80 கி.மீ., காற்று 60 பி.எஸ்.ஐ. உங்கள் மற்றச் சில்லுகளுக்கு அடிக்கும் காற்றைப்போல இரண்டு மடங்கு. பெற்றோல் செட்டில் காற்றடிக்கும் பையனிடம் இதைச் சொல்லாவிட்டால் அவர் பழக்கத்தில் 30 அடித்து அனுப்பிவிடுவார்.

பழைய ஸ்பெயார் வீலில் ஒரு ஏமாற்று இருக்கிறது: ஒருநாளும் ரோட்டில் உருளாததால் டயரின் பூக்கள் (தரையில் படும் வெட்டுகள்) புத்தம்புதிதாக இருக்கும். பூவைப் பார்க்காதீர்கள், பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2312 என்றால் 2012ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பத்து வருடம் தாண்டியதைத் தொடவே வேண்டாம். பிறகு டயரின் ஓரத்தை விரலால் அமுக்கி, இரும்பு ரிம்மோடு சேரும் கோட்டைப் பாருங்கள். கடற்காற்றில் கிடந்த சில்லுகளில் அங்கேதான் துரு பிடிக்கும். துருச் செதில் டயரின் விளிம்பைத் தூக்கினால் 60 பி.எஸ்.ஐ. ஒரு மாதத்தில் 20 ஆகிவிடும்.

வாங்கியவுடன் வீட்டில் மாட்டிப் பாருங்கள். முன்சில்லு ஒன்றைக் கழற்றி, ரொட்டி மாவைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, கலிப்பரின் மிகத் துருத்திய இடத்தில் ஒட்டுங்கள். ஸ்பெயார் வீலை மாட்டி, நட்டுகளைக் கையால் இறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். மா எவ்வளவு தட்டையானது என்று பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். 3 மி.மீ.க்குக் கீழே என்றால் அந்தச் சில்லு உங்களுக்கு இல்லை. ஓடும்போது கலிப்பரும் ரிம்மும் சூட்டில் விரியும், ரிம் கொஞ்சம் நெளியும். பின்பக்கமும் ஒருமுறை செய்யுங்கள், பத்து நிமிட வேலைதான்.

இனி டிக்கி. என்டி ரோட்ஸ்டரில் கூரை மடிந்து ஆசனங்களுக்குப் பின்னால் போய்விடுகிறது. டிக்கியின் 130 லீட்டர் முழுவதும் உங்களுக்குத்தான். ஆனால் ஸ்பெயார் வீலுக்கென்று குழி கிடையாது. பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கார்ட்போட் அட்டையில் 58 சென்ரிமீற்றர் விட்டத்துக்கு வட்டம் வெட்டி, 13 சென்ரிமீற்றர் தடிப்பு வரும்படி அட்டைகளை அடுக்கி, டிக்கியின் வாய்வழியாக உள்ளே போகிறதா, மூடி சாத்துகிறதா என்று பாருங்கள். படுக்கவைக்க முடியாவிட்டாலும் சரிவாக நிற்கலாம். மூடியின் உள்பக்கக் கம்பிக் கையில் இடிக்காமல் இருந்தால் போதும்.

வைத்தபின் கட்ட வேண்டும். இரும்பு ரிம்மோடு 12, 13 கிலோ வரும். பலமான மோதலில் இது தன் எடையைப்போல 20, 30 மடங்கு விசையோடு முன்னால் பாயும். அதாவது கால் தொன்னுக்கும் மேல். வலிச்சல் கயிறு உதவாது, இழுபடும். ராச்செட் உள்ள பட்டியை ரிம்மின் துளைக்குள்ளால் விட்டு, காரின் உடற்பகுதியோடு போல்ட் போட்ட கொக்கியில் மாட்டி இறுக்குங்கள். பிளாஸ்டிக் உறையில் கட்டினால் கட்டாததற்குச் சமம்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. வவுனியாவுக்கு இந்தப் பக்கம் டயர் வெடிக்கிறது, ஸ்பெயார் வீலை மாட்டிவிட்டீர்கள். கையில் 60 சென்ரிமீற்றர் விட்டமும் 20 சென்ரிமீற்றர் தடிப்பும் 15 கிலோ எடையும் உள்ள சேறு படிந்த சில்லொன்று இருக்கிறது. ஒல்லிச் சில்லு இருந்த இடத்தில் இது போகாது. தனியாக ஓடினால் இடப்பக்க ஆசனத்தில் போட்டுப் பட்டி கட்டலாம். அந்த ஆசனத்தில் ஆள் இருப்பதாக நினைத்துக் கார் பெல்ட் மணியை அடித்துக்கொண்டே வரும், பெல்ட்டைக் குத்திவிட்டால் நிற்கும். மனைவியும் கூட வந்தால்? அவர் மடியில் வைக்க முடியாது. எனவே புறப்படுவதற்கு முன் வீட்டில் ஒத்திகை பாருங்கள்: உண்மைச் சில்லொன்றைக் கழற்றி, பயணப் பைகளையும் அடுக்கி, எது எங்கே போகிறது என்று. டிக்கியில் சில்லு நுழைந்து பைகள் வெளியே நின்றால், பைகளை உருட்டக்கூடிய துணிப்பைகளாக மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். பழைய பெட்ஷீட் ஒன்றும் வேண்டும், சில்லைச் சுற்ற. பழைய போர்ஷே 911களில் இந்தத் தலையிடி தெரிந்தே மடங்கும் டயர் கொடுத்தார்கள்: காற்றில்லாமல் சுருங்கிக் கிடக்கும், மாட்டும்போது பம்பால் ஊத வேண்டும். அங்கேயும் கழற்றிய பின்சில்லுக்கு இடம் ஆசனந்தான்.

பின்சில்லு போனால் இன்னொரு விஷயம். உங்கள் கார் பின்னால் இழுக்கிறது. சின்னச் சில்லைப் பின்னால் போட்டால் இரண்டு பின்சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழலும். அவற்றை அப்படிச் சுழலவிடும் டிஃபரன்ஷியல் முழுநேரமும் வேலை செய்யும். சாதாரண டிஃப் என்றால் கொஞ்சத் தூரம் பொறுக்கும். எல்எஸ்டி (வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் டிஃப்) உள்ளதில், இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுழல வேண்டும் என்று அது இழுக்க, சில்லு மறுக்க, உள்ளே சூடேறித் தேயும். ஆகவே முன்னால் உள்ள நல்ல சில்லை அதே பக்கத்துப் பின்னுக்கு மாற்றி, ஒல்லியை முன்னால் போடுங்கள். இரண்டு தடவை ஜக் அடிக்க வேண்டும், அரை மணி கூடப் போகும். முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் என்பதால்தான் உங்களால் இது முடிகிறது. முன்னால் ஒல்லி இருக்கும்போது பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். ஏபிஎஸ் சீக்கிரம் துடிக்கும், வழுக்கல் தடுப்பு விளக்கும் எரியலாம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஈரத்தில் 60க்கு மேல் போக வேண்டாம்.

ஸ்பெயார் வீல் கொடுக்காத காரில் ஜக்கும் வீல் ஸ்பனரும் கூடப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. சில்லை மட்டும் வாங்கிவிட்டு இதை மறப்பவர்கள் அநேகம். மஸ்டா நட்டுக்கு 21 மி.மீ. சொக்கெட். திருட்டைத் தடுக்கும் நட் போட்டிருந்தால் அதன் சாவித் துண்டு காரில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கத்தரி ஜக் வாங்கும்போது மடித்த உயரத்தை அளவுகோலால் அளக்க வேண்டும்: டயரில் காற்றில்லாதபோது வாசலோரத் தகடு தரைக்கு நெருங்கி வந்துவிடும், சாதாரணக் கராஜ் ஜக் உள்ளே நுழையாது. 9, 10 சென்ரிமீற்றருக்குள் மடிய வேண்டும். ஜக் தலையில் நடுவில் வெட்டுள்ள ரப்பர்த் துண்டு வைத்தால் தகட்டு விளிம்பு வளையாது. அடியில் வைக்க ஓரடிச் சதுர பிளைவுட் பலகை, முக்கால் அங்குலத் தடிப்பு. மத்தியானத் தார் வெயிலில் இளகி ஜக்கின் காலை விழுங்கும், ரோட்டோர மண் மழையில் விழுங்கும். இரண்டுக்கும் அந்தப் பலகைதான் மருந்து.

மாற்றும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான், பிழைக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். ஹேண்ட் பிரேக், முதல் கியர், எதிர் மூலைச் சில்லுக்குக் கல். நட்டுகளைக் கால் சுற்று இளக்கிய பிறகே ஜக்; தூக்கியபின் பலத்தைக் கொடுத்து இளக்கப்போய்த்தான் கார் ஜக்கிலிருந்து சறுக்குகிறது. கழற்றிய சில்லை உடனே வாசலோரத் தகட்டுக்குக் கீழே படுக்கவையுங்கள், ஜக் சறுக்கினாலும் கார் அதன்மேல் நிற்கும். ஹப்பில் ஒட்டிய துருவையும் மண்ணையும் துணியால் துடையுங்கள். நட்டுகளைக் கையால் கடைசி வரை திருகி, ஒன்றுக்கு எதிர் மற்றதாக இறுக்கி, காரை இறக்கிய பின் முழுப் பலம். மஸ்டா சொல்லும் அளவு 108 முதல் 147 நியூட்டன் மீட்டர். டோர்க் ஸ்பனர் இல்லாவிட்டால், 30 சென்ரிமீற்றர் கைப்பிடியின் நுனியில் 40 கிலோ பாரம் கொடுத்தால் ஏறக்குறைய 12 கிலோகிராம் மீட்டர், அதாவது 118 நியூட்டன் மீட்டர். ஏறி மிதித்துக் குதித்தால் ஸ்டட் நீளும். 50 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி ஒரு தடவை பாருங்கள். அதிவேக நெடுஞ்சாலையின் ஓரத்தில் இதையெல்லாம் செய்ய வேண்டாம். மஞ்சள் விளக்குகளைப் போட்டு, ஆட்களைத் தடுப்பு வேலிக்கு அப்பால் நிற்கவைத்து, உதவியைக் கூப்பிடுங்கள்.

ஆணி என்றால் சில்லை மாற்றவே தேவையில்லை, போத்தல் பசையும் தேவையில்லை. கயிற்றுப் பிளக் பெட்டி ஒன்று, குறடு, 12 வோல்ட் பம்பு. ஆணியைப் பிடுங்குவதற்கு முன் இடத்தைச் சோக்கால் வட்டமிடுங்கள். பிடுங்கியதும் துளை மூடிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. ஆணி போன சாய்விலேயே அரத்தை விட்டு நாலைந்து முறை இழுத்து, பசை தடவிய கயிற்றைச் செருகி, வெளியே ஒரு சென்ரிமீற்றர் நிற்கும்படி ஊசியை வெடுக்கென்று உருவுங்கள். காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி இல்லை என்றால் மிச்சத்தை வெட்டிவிடலாம். நடுப்பூவில் 6 மி.மீ. வரைக்கும் இது நிற்கும்; ஓரப் பூவுக்கும் பக்கச் சுவருக்கும் கூடாது. ஊருக்கு வந்ததும் டயரைக் கழற்றி உள்பக்கம் காளான் ஒட்டு போடச் சொல்லுங்கள். பம்பை ஓட்டும்போது எஞ்சினை ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் பற்றரி இறங்கும்.

பசைப் போத்தலைக் கடைசி ஆயுதமாக வையுங்கள். முதலில் அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஜப்பானிலிருந்து காரோடு வந்த போத்தல் பெரும்பாலும் எப்போதோ காலாவதியாகியிருக்கும், கொழும்பு வெயிலில் மூடிய டிக்கிக்குள் அது இன்னும் சீக்கிரம் கட்டிபடும். ஒருமுறை பசை ஊற்றிய டயரை ஒட்டுப் போடக் கடைக்காரர் முகம் சுளிப்பார், உள்ளே கழுவ வேண்டும். அதனால்தான் பிளக் முதலில், பசை பிறகு.

வேறு கார் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. டொயோட்டா 86க்கு பிசிடி 5×100. கொழும்பு முழுக்க நிறைந்திருக்கும் பிரியஸுக்கும் அதேதான் என்று சில்லை வாங்கிவிடுவார்கள். பிரியஸின் நடுத்துளை 54.1, 86இன் ஹப் 56.1. ஏறவே ஏறாது. 86 பாதி சுபாரு என்பதால் 5×100 உள்ள பழைய இம்ப்ரெஸாவின் ஸ்பெயார் வீலைத் தேடுங்கள். நட்டும் சுபாரு வகை, புரி 1.25, டொயோட்டாவின் 1.5 நட்டை ஏற்றினால் ஸ்டட்டின் புரி போய்விடும். ஹொண்டா எஸ்660இல் முன்னால் 15 அங்குலம், பின்னால் 16, நடுவில் எஞ்சின், டிக்கி என்று சொல்ல எதுவுமில்லை. பிளக்கும் பம்பும் பிளாட்பெட் லொறியின் நம்பரும்தான் வழி. பிஎம்டபிள்யூ இசட்4இல் ஈ85, ஈ89 வகைகள் ரன்ஃபிளாட் டயரோடு வந்தவை. காற்றில்லாமலே 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் வரை ஓடும் என்பதால் ஸ்பெயார் வீல் வைக்கவில்லை. முன்பு வைத்திருந்தவர் விலை பார்த்துச் சாதாரண டயர் போட்டிருந்தால், உங்களிடம் ரன்ஃபிளாட்டும் இல்லை, ஸ்பெயார் வீலும் இல்லை. ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலும் நட் இல்லை, போல்ட். தடித்த அலாய் சில்லுக்கான நீள போல்ட்டை மெல்லிய இரும்புச் சில்லில் திருகினால் முனை பின்னால் நீண்டு ஹேண்ட் பிரேக்கின் உறுப்பில் உரசும். குட்டை போல்ட் ஒரு செட் ஸ்பெயார் வீலோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.

இனி உங்கள் பயணம். கொழும்புக்குள் ஓட ஸ்பெயார் வீல் தேவையில்லை. காலி வீதியில் எங்கே நின்றாலும் டயர் கடை தொலைவில்லை, 13 கிலோவைத் தினமும் சுமப்பது வீண். யாழ்ப்பாணத்துக்கு வேண்டும். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வரை பிரச்சினையில்லை. புத்தளத்திலிருந்து அனுராதபுரம் போகும் ஏ12இல் இருட்டிய பிறகு கடை திறந்திருக்காது, காட்டோரத்தில் யானையும் வரும். அந்தத் துண்டைப் பகலில் தாண்டும்படி காலை 5 மணிக்கே வெளிக்கிடுங்கள். 195/50 ஆர்16 டயரை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கடையில் நுழைந்ததும் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், உங்கள் அளவை ஓடுகிற கார்கள் அங்கே குறைவு. வீட்டு ஒத்திகையில் கழற்றிய சில்லு பைகளோடு உள்ளே போகவில்லை என்றால் எளிய வழி ஒன்றிருக்கிறது: வெள்ளவத்தையிலிருந்து இரவில் யாழ்ப்பாணம் போகும் பஸ்காரரிடம் கேளுங்கள், பார்சல் ஏற்றுவார்கள். துணிப்பைகளை முதல் நாளே அதில் அனுப்பிவிட்டால் டிக்கி முழுவதும் சில்லுக்கு.